கண்டியில் பெயரறியாச் சுருட்டு

பெயர்ச்சீட்டு ஒட்டாத சுருட்டு ஒன்றைப் புகைத்துப் பழகியவர் ஒருவர் கையிலே கொடுத்து, "இஃது எவ்வூர்ப் புகையிலை?" என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பார், மூக்கினருகே கொண்டுசெல்வார், பிறகே நெருப்பு வைப்பார். கண்டிச் சீமையில் ஒரு காலத்தில் அவர் வாயினின்று வரக்கூடிய விடைகள் இரண்டு: தும்பறை, அல்லது யாழ்ப்பாணம். அவ்விடையை எவ்வளவுக்கு நம்பலாம் என்பதே, நேயர்களே, இன்று நாம் ஆராயப் புகுவது. புகைத்தலின் தீங்கை மருத்துவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். நான் பேச வந்தது அதன் வரலாற்றை மட்டுமே.

தும்பறை என்பது கண்டி நகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கையை அடுத்துள்ள பள்ளத்தாக்கு. 1911 இல் வெளிவந்த பிரித்தானியக் கலைக்களஞ்சியம் இலங்கையைப் பற்றிக் கூறுமிடத்து, தும்பறையிலும் ஊவாவிலும் விளையும் புகையிலையை உள்நாட்டார் பெரிதும் மதித்தனர் என்றும், வெளிநாடு செல்லும் புகையிலை யாழ்ப்பாணக் குடாநாட்டில் விளைவது என்றும் குறிக்கின்றது. யாழ்ப்பாணத்து இலை நெடுங்காலமாகத் திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அங்கே அதை வெற்றிலையோடு மென்றார்கள். மலைநாட்டார் தம் இலையைத் தாமே நுகர்ந்தார்கள்.

அப்படியாயின் வடக்கின் சுருட்டு கண்டிக்கு வந்தது எவ்வாறு? கண்டிக்கு இரயில் வந்தது 1867 இல். வடபாதை காங்கேசன்துறை வரை நிறைவெய்தியது 1905 இல். இரண்டும் சந்திக்குமிடம் பொல்காவலை. யாழ்ப்பாணத்து வணிகர் சிங்கள ஊர்களெங்கும் சுருட்டுக்கடை வைத்தனர். கண்டியும் அவற்றுள் ஒன்று. இதற்குச் சொல்லே சான்று. புகையிலைக்குச் சிங்களத்தில் 'தும்கொள' என்று பெயர். புகை, இலை என்னும் இரு சொற்களின் கூட்டு அது, நம்முடையதைப் போலவே. சுருட்டுக்கோ அவர்கள் வேறு சொல் ஆக்கவில்லை. 'சுருட்டு' என்றே வழங்குகிறார்கள். ஆங்கிலேயரின் 'செரூட்' என்பதும் இதே தமிழ்ச் சொல்லின் வழிவந்ததுதான். சுற்றிய பண்டம் தன் பெயரையும் உடன் கொண்டு போயிற்று.

இனிச் சுவைக்கு வருவோம். யாழ்ப்பாணத்து இலை கிணற்று நீராலும் ஆட்டெருவாலும் வளர்வது, காரம் மிக்கது. ஆனால் சுருட்டைப் பற்றவைத்தவுடன் நாம் உணர்வது அந்த மண்ணை அன்று. வெட்டி வாட்டிய இலையைக் குடிலிலே தொங்கவிட்டு, தேங்காய்ப் பொச்சு மூட்டிப் புகையூட்டுவார்கள். சுருட்டுக் கொட்டிலில் 'கோடா' என்னும் சாற்றைத் தடவிப் பதப்படுத்துவதும் உண்டு. இவ்வளவும் ஆனபின் நாக்கு அறிவது நிலத்தையா, கைப்பாகத்தையா? கைப்பாகத்தையே என்பது என் கருத்து. தும்பறை இலையை யாழ்ப்பாணத்தார் புகையூட்டிச் சுற்றித் தந்திருந்தால், தேர்ந்த வாயும் அதனை யாழ்ப்பாணம் என்றே சொல்லியிருக்கும்.

தேயிலையின் கதை வேறு. கண்டிக்கு அண்மையில் லூல்கந்துரைத் தோட்டத்திலே 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தொடங்கிய பயிருக்கு, நாளடைவில் சம்பளம் பெறும் சுவைஞர்கள் வந்தார்கள். வரிசையாக வைத்த கிண்ணங்களை உறிஞ்சித் துப்பி, குறையும் நிறையும் எழுதினார்கள். அந்த எழுத்தின்மேல் விலை நின்றது. சுருட்டுக்கு அத்தகைய உத்தியோகம் எதுவும் ஏற்படவில்லை. அதன் சுவைஞர்கள் கடைவாசலில் நின்ற வாடிக்கையாளரே. அவர்தம் தீர்ப்பு புகையோடு போயிற்று.

அக்கடைகளுக்கும் காலம் இடையூறாயிற்று. 1983 யூலைக் கலவரத்தில் கண்டித் தெருக்களிலும் தமிழர் கடைகள் எரிந்தன. 1990 இல் யாழ்ப்பாண இரயில் நின்றது. அது மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது 2014 இலேதான். இடைப்பட்ட காலத்தில் ஏ-9 வீதியும் நெடுநாள் மூடிக்கிடந்தமையால், வடக்கின் சுருட்டுக்குத் தெற்கின் சந்தை எட்டாததாயிற்று. சிகரெட்டு முன்னரே இடம் பிடித்துக்கொண்டிருந்தது.

இன்று எவரேனும் இரண்டு இலைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினாலும் எளிதன்று. விக்டோரியா நீர்த்தேக்கம் 1985 இல் திறக்கப்பட்டபோது, தும்பறைப் பள்ளத்தாக்கிலுள்ள பழைய தெல்தெனியா நகரும் அதனை அடுத்த தாழ்நிலங்களும் மகாவலி நீருக்குள் மூழ்கிவிட்டன.