மஞ்சக்குடி குடிநோய் சிகிச்சை முகாம்

மஞ்சக்குடி குடிநோய் சிகிச்சை முகாம் என்பது தமிழ்நாட்டின் திருவாரூர் மாவட்டத்தில், குடவாசலுக்கு அருகிலுள்ள மஞ்சக்குடி என்னும் சிற்றூரில் 1989 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சமூகம் சார்ந்த சிகிச்சைத் திட்டமாகும். அக்காலத்தில் இவ்வூர் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. குடியை நிறுத்தியவர் மீண்டும் குடிக்காதிருக்கக் குடும்பமும் ஊரும் துணைநிற்க வேண்டும் என்பதே இதன் அடிப்படைக் கருத்து ஆகும்.

பின்னணி

சாந்தி ரங்கநாதன், குடிநோயால் இறந்த தம் கணவரின் நினைவாக 1980 இல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். இதன் மருத்துவமனை டி. டி. கே. மருத்துவமனை என அறியப்படுகிறது. இவர் 1992 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நகரத்து மருத்துவமனையில் பல வாரங்கள் தங்குவது உழவர்க்கும் கூலித் தொழிலாளர்க்கும் எளிதன்று. ஆகவே சிகிச்சையை ஊருக்கே கொண்டுசெல்லும் முகாம் முறை வகுக்கப்பட்டது.

முகாமின் அமைப்பு

முகாம் 15 நாட்கள் நடைபெறும். உள்ளூர் அமைப்பினர் விழிப்புணர்வுப் பரப்புரை செய்து, சிகிச்சையை விரும்புவோரைக் கண்டறிவர். முதலில் நடுக்கம், உறக்கமின்மை முதலிய விலகல் அறிகுறிகளுக்கு மருத்துவம் அளிக்கப்படும். பின்னர் விளக்க வகுப்புகள், குழுச் சிகிச்சை, தனி ஆலோசனை ஆகியன இடம்பெறும். குடும்பத்தினருக்கும் தனியே ஆலோசனை வழங்கப்படும்.

முகாமுக்குப் பின்

சிகிச்சை பெற்றவர் பழைய தெருவுக்கும் பழைய நண்பர்களுக்குமே திரும்புகிறார். கடனும் குடும்பப் பூசலும் அங்கே அவருக்காகக் காத்திருக்கின்றன. 'இவன் திருந்தமாட்டான்' என்னும் ஊராரின் ஐயமும் எளிதில் நீங்குவதில்லை. இதனால் ஒவ்வொருவருக்கும் உறவினர், நண்பர் அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவர் துணையாளராகத் தெரிவுசெய்யப்பட்டார். மருத்துவக் குழுவினரும் பின்தொடர் சந்திப்புகளை ஊரிலேயே நடத்தினர். குடியை விட்டு நிலைத்தவர்கள் புதியவர்களுக்கு எடுத்துக்காட்டாயினர்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்புடன் ஒப்பீடு

1935 இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் பில் வில்சன், மருத்துவர் பாப் சிமித் ஆகியோர் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிநோயிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பாகும். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே இதில் சேரத் தகுதி. கட்டணம் இல்லை. உறுப்பினரின் அடையாளம் வெளியிடப்படுவதில்லை. தமிழ்நாட்டிலும் இதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன.

சிற்றூரிலோ எவர் குடிப்பவர் என்பதை ஊரே அறியும். மஞ்சக்குடி முறை இதை மறைக்க முயலவில்லை. இகழ்ச்சிக்குக் காரணமான அந்த அறிமுகத்தையே ஆதரவாக மாற்ற முயன்றது. இரண்டிற்கும் பொதுவானது, மீள்பவர் தனித்து விடப்படலாகாது என்னும் கொள்கையாகும்.

வரம்புகள்

ஊராரின் ஆதரவு மருத்துவத்திற்கு மாற்றாகாது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் ஆகியன ஏற்பட்டு உயிருக்கு ஆபத்து நேரலாம். எனவே மருத்துவரின் மேற்பார்வை இன்றியமையாதது. மீண்டும் குடித்தல் இந்நோயில் பரவலாக நிகழ்வதே. அதனால் சிகிச்சை முழுதும் வீணாயிற்று என்று கொள்ளலாகாது. அந்நேரத்தில் துணையாளரும் குடும்பத்தினரும் பழிக்காமல், அவரைக் காலந்தாழ்த்தாது மீண்டும் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதே பயன்தரும்.