நான்காவது பெயர்

"தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம்?"

முகத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கும் கமராக்களைப் பற்றிப் பேச்சு வந்தால், ஆசிரியர் ஓய்வறையிலும் சரி, அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் முன்னாலும் சரி, யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அதனால்தான் இந்தப் பழைய கதையை எழுதலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

2004 மார்ச் 11. ஸ்பெயினின் மட்ரிட் நகரில் காலை நேர ரயில்களில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரயில் நிலையமொன்றுக்கு அருகே நின்ற வேனில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் பை கிடைத்தது. உள்ளே டெட்டனேட்டர்கள். பையில் தெளிவில்லாத ஒரு கைவிரல் அடையாளம். அதன் படம் அமெரிக்காவின் எஃப்பிஐக்கும் போனது. அவர்கள் தங்கள் கணினியில் போட்டுத் தேடினார்கள்.

கணினி "இவன்தான்" என்று சொல்லவில்லை. கோடிக்கணக்கான ரேகைகளில் கிட்டத்தட்ட ஒத்துப்போகும் 20 பேரின் பட்டியலைத்தான் கொடுத்தது. உண்மையான ஆள் அந்தப் பட்டியலில் இல்லை. பல்தேர்வு வினாவொன்றில் சரியான விடை அச்சிடப்படாமல் விட்டுப்போனாலும் பிள்ளைகள் ஏதாவதொன்றுக்குப் புள்ளடி போடத்தான் செய்வார்கள். அங்கும் அதுதான் நடந்தது.

நான்காவது பெயருக்குப் புள்ளடி விழுந்தது. பிரண்டன் மேஃபீல்ட், ஒரேகன் மாநிலத்துச் சட்டத்தரணி, முன்னர் அமெரிக்க இராணுவத்தில் இருந்தவர். எஃப்பிஐ நிபுணர்கள் மூவர் பார்த்து நூறு வீதம் பொருந்துகிறது என்றார்கள். பிறகு அவரைப் பற்றித் தேடியபோது, அவர் இஸ்லாத்தை ஏற்றவர், மனைவி எகிப்தியர், பயங்கரவாத வழக்கில் சிக்கிய ஒருவருக்காகப் பிள்ளைப் பராமரிப்பு வழக்கில் ஆஜரானவர் என்றெல்லாம் தெரியவந்தது. அதற்குப் பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்?

ஏப்ரல் 13ஆம் திகதியே ஸ்பெயின் பொலிஸார் இது பொருந்தவில்லை என்று எழுதிவிட்டார்கள். எஃப்பிஐ தன் முடிவை மீளப் பார்க்கவில்லை, அவர்களுக்கு விளக்கம் கொடுக்க மட்ரிட்டுக்கு ஆள் அனுப்பியது. மேஃபீல்ட் நாட்டைவிட்டு வெளியே போனதற்கு ஒரு பதிவும் இல்லை. அப்படியானால் பொய்ப் பெயரில் போயிருப்பார் என்றார்கள். ஆதாரம் இல்லாததும் ஆதாரமாகிவிட்டது. வீட்டுக்குள் இரகசியமாக நுழைந்து சோதித்தார்கள். கைதின்போது அள்ளிச் சென்றவற்றில் ஸ்பானிய மொழி ஆவணங்களும் இருந்தன. பார்த்தால் அவை பிள்ளைகளின் ஸ்பானிய பாட வீட்டுவேலை! ஆசிரியர்களான நமக்கு இந்த இடத்தில் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

மே 6ஆம் திகதி குற்றச்சாட்டு எதுவுமின்றி, 'முக்கிய சாட்சி' என்ற பெயரில் அவரைப் பிடித்து அடைத்தார்கள். நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் அது அவருடைய ரேகைதான் என்றார். அதே வேளையில் அந்த ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என்று ஸ்பெயினிலிருந்து செய்தி வந்தது. மே 20 விடுதலை. எஃப்பிஐ மன்னிப்புக் கேட்டது. 2006இல் அமெரிக்க அரசாங்கம் 20 இலட்சம் டொலர் நட்டஈடு கொடுத்தது.

அமெரிக்க நீதித் திணைக்களத்தின் கண்காணிப்பாளர் நாயகம் இதை விசாரித்து 2006இல் வெளியிட்ட அறிக்கையை நியாயமாக வாசிக்க வேண்டும். முஸ்லிம் என்பதற்காக அவரைத் தெரிவு செய்யவில்லை, முதலில் ரேகையைப் பார்த்தவர்களுக்கு அவர் மதமே தெரியாது. ஆனால் தவறைத் திரும்பிப் பார்க்காமல் விட்டதில் அவருடைய மதத்துக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்கிறது அந்த அறிக்கை.

முகம் ரேகையைவிட இலகுவாக ஏமாற்றும். 2020 ஜனவரியில் அமெரிக்காவின் டிட்ரொயிட் நகரப் பொலிஸார் ரொபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவரை, மனைவி பிள்ளைகள் பார்த்திருக்க வீட்டு வாசலில் வைத்து விலங்கிட்டார்கள். கடிகாரத் திருட்டொன்றின் மங்கலான சிசிடிவி படத்தை அவருடைய பழைய சாரதி அனுமதிப்பத்திரப் படத்தோடு கணினி பொருத்தியிருந்தது. சுமார் 30 மணித்தியாலம் உள்ளே. முகப் பொருத்தத்தை மட்டும் வைத்து யாரையும் கைது செய்வதில்லை என்று அந்நகரப் பொலிஸ் 2024இல்தான் வழக்குச் சமரசத்தில் ஒப்புக்கொண்டது.

நம் நாட்டிலும் இப்படியொரு பிழை நடந்தது. 2019 ஏப்ரல் 25, உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து நான்காம் நாள். தேடப்படும் ஆறு பேரின் படங்களைப் பொலிஸார் வெளியிட்டார்கள். அதில் ஹிஜாப் அணிந்த ஒரு முகம் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியுடையது. இலங்கையிலிருந்து அங்கு குடியேறிய பெற்றோரின் மகள். தாக்குதலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர். கொலை மிரட்டல்களுக்கு நடுவே தான் அவளில்லை என்று அவரே எழுத வேண்டியிருந்தது. பிறகு பொலிஸார் படம் தவறென்று அறிவித்தார்கள்.

அந்த நாட்களில் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டிருந்தன. ஆனாலும் வீபீஎன் போட்டு அந்தப் படத்தை நம் குழுக்களில் அனுப்பினோம், "இவளைக் கண்டால் அறிவியுங்கள்" என்று. திருத்தம் வந்தபோது அதை அனுப்பியது யார் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறோம். ஒருவர் பெயரும் நினைவுக்கு வரவில்லை.