இரண்டாவது பெட்டி

பெரம்பலூரில் கேபிள் வேலைக்கு நான் ஏணி தூக்கப் போனது 1995இல். திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டமான வருஷம். அதே வருஷம் ஆகஸ்ட் 15ஆம் தேதி விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டதாம். எங்களுக்கு அதெல்லாம் எட்டவில்லை. எங்களுக்குத் தெரிந்தது ஸ்பிளிட்டர். கூடத்து டிவிக்கு வந்த வயரை வெட்டி, ஸ்பிளிட்டர் மாட்டி, மாமியார் அறைக்கு ஒன்று இழுத்துக் கொடுப்போம். இரண்டு டிவியிலும் படம் லேசாகப் புள்ளியடிக்கும். போன் இருந்த வீட்டில் மாடிக்கு எக்ஸ்டென்ஷன். ஒரு இணைப்புக்குப் பணம் கட்டி இரண்டு இடத்தில் அனுபவிக்கும் சாமர்த்தியம் வைஃபைக்கு முன்பே இங்கே உண்டு.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் தொடங்கியது. அதே மாதம்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம் என்று மத்திய அரசு அறிவித்தது. அமெரிக்காவில் 1985லேயே இதைத் திறந்துவிட்டார்கள். மைக்ரோவேவ் அடுப்பு புழங்குகிற, மற்றவர் சீண்டாத புறம்போக்கு மாதிரியான அலைவரிசை. வைஃபை குடியேறியது அங்கேதான்.

நடுவில் அரியலூர் கதை வேறு. 2001இல் எங்களிடமிருந்து பிரிந்தது, 2002இல் திரும்பச் சேர்ந்தது, 2007 நவம்பர் 23இல் மறுபடி தனி மாவட்டம். எனக்கு மட்டும் இரண்டு ஊரிலும் வேலை. அரியலூரில் சுண்ணாம்புக் காரை பூசிய ஒன்றரை அடிச் சுவர் வீடுகள் இருக்கின்றன. கூடத்தில் வைஃபை பெட்டியை வைத்தால் பின்கட்டில் "டவர் இல்லைங்க" என்பார்கள். வைஃபைக்கும் டவர் என்றுதான் பெயர்.

அங்கே ஒரு மளிகைக் கடையில்தான் முதன்முதலில் இரண்டாவது ரவுட்டர் வைத்தேன். கீழே கடை, மாடியில் வீடு. வயரைச் சொருகி, விளக்கு எரிந்ததைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். காலையில் போன்: "அண்ணே, பில் மெஷினும் ஓடல, மாடியில நெட்டும் இல்ல." போய்ப் பார்த்தால் இரண்டு பெட்டிக்கும் 192.168.1.1 என்று ஒரே விலாசம். இரண்டும் தன்னிச்சையாக மற்ற கருவிகளுக்கு விலாசம் வழங்கிக்கொண்டிருந்தன. ஒரே மனைக்கு இரண்டு பேர் பட்டா கொடுத்தால் என்ன ஆகும்? தப்பு என்னுடையதுதான், அன்றைய கூலியை வாங்கவில்லை.

அன்று கற்றது இன்றும் மாறவில்லை. இரண்டாவது பெட்டிக்கு 192.168.1.2 என்று விலாசத்தை மாற்று. அதில் விலாசம் வழங்கும் டிஹெச்சிபியை அணை. வயரை வான் (WAN) துளையில் போடாமல் லேன் (LAN) துளையில் போடு. பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். சேனல் மட்டும் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 6 அல்லது 11.

வயர் இழுக்கச் சோம்பல்பட்டு ரிப்பீட்டர் வாங்குகிறவர்கள் உண்டு. அது கேட்ட சேனலிலேயே திருப்பிச் சொல்லும் பெட்டி என்றால், கேட்க ஒரு தரம், சொல்ல ஒரு தரம் என்று வேகம் பாதியாகிவிடும். சுவர் அழகுக்காக அதைக் கேட்கிறவர்களோடு நான் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை.

2020இல் ஊரடங்கு. பள்ளிக்கூடம் போனுக்குள் வந்ததும், பிள்ளைக்கு ஒரு அறை, அப்பாவுக்கு ஒரு அறை என்று எல்லா வீட்டிலும் பின்கட்டு முக்கியமாகிவிட்டது. கடைகள் மூடியிருந்தன, புது ரவுட்டர் கிடைக்கவில்லை. செட்டிகுளத்தில் ஒரு சின்ன வெங்காய விவசாயி வீடு. பேத்திக்கு வகுப்பு, அவள் உட்காரும் திண்ணையோ வெங்காயப் பட்டறைக்கு அருகே, கூடத்திலிருந்து முப்பது மீட்டர் தள்ளி. "வயர் வேணாம் தம்பி, எலி கடிச்சிரும்" என்றார் பெரியவர். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு வாங்கி மிச்சமிருந்த கறுப்புக் குழாய்க்குள் கேட் 6 வயரை விட்டு இழுத்தோம். இந்த வயர் 100 மீட்டர் வரை தாங்கும். பெட்டிக்கு எங்கே போவது? பைபர் வந்ததும் கழற்றிப் பரணில் போட்ட பழைய தொலைபேசி மோடத்தை இறக்கினேன். போன் வயர் துளை செத்தாலும் லேன் துளைகளும் வைஃபையும் உயிரோடு இருந்தன. 2.4 மட்டும்தான், வேகமும் குறைவு. வகுப்புக்கு அது தாராளம்.

உங்கள் பரணிலும் அப்படி ஒன்று கிடக்கும். பேரீச்சம்பழத்துக்குப் போடுமுன் ஒரு தரம் கரண்டில் சொருகிப் பாருங்கள்.