ஓடையை மறந்த தொழிற்சாலைகள்

தொழிற்சாலைகள் புதுப்பிக்கத்தக்க சக்திக்கு 'மாறுகின்றன' என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சொல்லில் என் மனம் தடைப்படுவதுண்டு. இலங்கையின் மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை, அவை மாறவில்லை, திரும்புகின்றன என்பதே சரி.

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டபோது கொழுந்தைக் கையால்தான் உருட்டினார்கள். தோட்டங்கள் பெருகியதும் இயந்திரங்கள் வந்தன. அவற்றை இயக்க மலையுச்சிக்கு நிலக்கரி சுமப்பது பெருஞ்செலவு. ஆனால் ஓடைகள் தோட்டத்திற்குள்ளேயே பாய்ந்தன. ஓடையை மறித்து, வாய்க்கால் வெட்டி, இரும்புக் குழாய்வழியே நீரைக் கீழே இறக்கிச் சக்கரத்தைச் சுழற்றினார்கள். பின்னர் இங்கிலாந்தின் கெண்டல் நகரிலிருந்து கில்க்ஸ் கொம்பனியின் சுழலிகளும் வந்திறங்கின. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தகைய சிறு நீர்மின் நிலையங்கள் மலையகத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தன.

இந்த நீர்வளத்தை நாடு முழுவதற்கும் பயன்படுத்தலாம் என்று 1918இல் ஆய்வுக் கட்டுரையொன்றில் எடுத்துக்காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அவருடைய கனவு பல தடைகளைத் தாண்டி 1950இல் லக்ஷபான மின்நிலையமாக நனவாயிற்று. விந்தை என்னவெனில், அந்தப் பெரிய நீர்மின்சாரமே தோட்டத்துச் சிறிய நீர்மின்சாரத்திற்கு முடிவு கட்டியது. கம்பி வழியே மலிவாக மின்சாரம் வந்தபின் வாய்க்காலைத் துப்புரவாக்க ஆள் வைப்பானேன்? சுழலிகள் ஒவ்வொன்றாக நின்றன.

1980களில் செய்தி சேகரிக்க ஹட்டன் பகுதித் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். தொழிற்சாலையின் பின்புறம், புதருக்குள் துருப்பிடித்த சுழலி ஒன்று கிடந்தது. அதை இயக்கிய முதியவர் அருகில் நின்றார்.

"தண்ணி இன்னும் ஓடுதுங்க ஐயா. நாமதான் நிப்பாட்டிட்டோம்" என்றார். சற்றுப் பொறுத்து, "ஸ்டோருக்கு அந்தக் காலத்துலயே லைட்டு இருந்துச்சு. லயத்துக்குத்தான் இல்ல" என்றார்.

இரவெல்லாம் மின்சாரம் பிறப்பித்த மனிதர், விடிகாலையில் குப்பி விளக்கு எரியும் அறைக்குத் திரும்பியிருக்கிறார். நான் போன அன்றும் அந்த லயத்தில் மண்ணெண்ணெய் விளக்குத்தான்.

மறந்த ஓடையை நாட்டுக்கு நினைவூட்டியது நெருக்கடியே. 1996இல் வரட்சியால் நாடு இருளில் மூழ்கியது. அதே ஆண்டில் டிக் ஓயாவில், ஒரு மெகாவாட்டுக்குச் சற்றுக் குறைந்த தனியார் சிறு நீர்மின் நிலையம் தேசிய மின்வலையமைப்புடன் இணைந்தது. தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் மீண்டும் கொம்பனிகளிடம் சென்றிருந்ததால் முதலிடுவோரும் கிடைத்தனர். பழைய வாய்க்கால்கள் சில மீண்டும் நீர் கண்டன. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி நிலைபெறுதகு வலு அதிகாரசபை உருவாயிற்று. 2008இல் துல்ஹிரியவில் எம்.ஏ.எஸ். நிறுவனமும் சீதுவையில் பிரண்டிக்ஸ் நிறுவனமும் பசுமை ஆடைத் தொழிற்சாலைகளுக்காக உலக அங்கீகாரம் பெற்றன.

ஆயினும் ஓடையும் வற்றும் என்பதே 1996இன் பாடம். ஆகவே சக்தியைப் பிறப்பிப்பதுபோலவே சிக்கனப்படுத்துவதும் முக்கியம். தேயிலைத் தொழிற்சாலையில் இது கண்கூடு. ஈரவிறகை அடுப்பிலிட்டால் வெப்பத்தின் ஒரு பங்கு விறகின் ஈரத்தை உலர்த்தவே செலவாகிவிடும். கொழுந்தை வாட்டும் விசிறிகளைத் தேவைக்கேற்ற வேகத்தில் ஓட்டினால் மின்கட்டணம் குறையும். 2022 மார்ச்சில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டையும், அவ்வாண்டு ஓகஸ்டில் 75 சதவீதக் கட்டண உயர்வையும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீத உயர்வையும் சந்தித்த தொழிலதிபர்களுக்கு இதை எவரும் விளக்கத் தேவையில்லை.

இன்று கூரைகளில் சூரியத் தகடுகள் மின்னுவதைக் காண மகிழ்ச்சியே. மலிவு விலையில் மயங்கிக் கையிலிருந்ததைக் கைவிட்ட தவறை மீண்டும் செய்யாதிருப்போம். ஆனால், ஒரு தொழிற்சாலையின் பசுமையை அதன் கூரையை மட்டும் பார்த்து அளக்க என்னால் முடியவில்லை. அதன் நிழலில் வாழ்பவர்களின் வீட்டு விளக்கையும் பார்க்கவேண்டும். அந்த முதியவர் எனக்குக் கற்றுத்தந்த கணக்கு அதுதான்.