ஆட்டப்பணக் கொள்வனவு

ஆட்டப்பணக் கொள்வனவு என்பது, இணையவழி நிகழ்பட ஆட்டம் ஒன்றினுள் மட்டுமே செல்லுபடியாகும் பணத்தை, வெளியுலகில் புழங்கும் உண்மைப் பணத்தைக் கொடுத்து வாங்குவதாகும். இவ்வாறு வாங்கிய பணத்தைக் கொண்டு ஒருவர் பிறரை வெல்ல முடியுமாயின், அது "காசு கொடுத்து வெல்லும்" ஆட்டம் எனக் குறை கூறப்படுகிறது. பே டு வின் என்னும் ஆங்கிலத் தொடராலேயே இது பரவலாக அறியப்படுகிறது. ஆட்டக்காரரிடையே இத்தொடர் ஏறத்தாழ ஒரு வசைச்சொல் ஆகும். ஆட்டப்பணத்தை வாங்குவது எல்லா நிலையிலும் இவ்வசைக்கு உரியதா என்பது நெடுநாளைய விவாதம். ஈவ் ஆன்லைன், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆகிய இரு ஆட்டங்களும் இவ்விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன.

தோற்றம்

1999 இல் வெளிவந்த எவர்குவெஸ்ட் ஆட்டத்தில் ஈட்டிய பொருட்களையும் பிளாட்டினக் காசுகளையும் ஆட்டக்காரர் சிலர் ஈபே ஏலத்தளத்தில் விற்று வந்தனர். பொருளியலாளர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா அந்த ஏல விலைகளைக் கொண்டு, ஆட்டத்தின் கற்பனை உலகான நோராத்தின் பொருளாதாரத்தைக் கணித்து 2001 இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அங்கு ஒரு மணிநேர உழைப்பின் மதிப்பு 3.42 அமெரிக்க டாலர் எனவும், ஆள்வீத உற்பத்தி உருசியாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்டது எனவும் அவர் கண்டார். வரைபடத்தில் இல்லாத நாடொன்றுக்கு இப்படியொரு கணக்கு எழுதப்பட்டது அன்று பலருக்கும் வியப்பளித்தது.

பின்னர் ஆட்டப்பணம் ஈட்டுவதையே பிழைப்பாகக் கொண்டோர் தோன்றினர். சீனாவில் கூலிக்கு ஆட்களை அமர்த்தி, முறைவைத்து இரவும் பகலும் ஆடச் செய்து, கிடைத்த தங்கத்தை மேலைநாட்டவருக்கு விற்கும் கூடங்கள் இயங்கின. இவர்கள் "தங்க உழவர்" எனப்பட்டனர். உலக வங்கியின் இன்போடெவ் திட்டம் 2011 இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய வெளியார் சேவைகளின் 2009 ஆம் ஆண்டு வருவாயை ஏறத்தாழ 300 கோடி டாலர் என மதிப்பிட்டது.

நிறுவனங்கள் முதலில் தடையையே நாடின. ஈபே தளம் 2007 இல் ஆட்டப்பொருள் விற்பனையைப் பெரும்பாலும் விலக்கியது. ரூன்ஸ்கேப் ஆட்டத்தை நடத்தும் ஜேகெக்ஸ் நிறுவனம் 2008 சனவரியில் ஆட்டக்காரரிடையே சமனற்ற பண்டமாற்றுக்கு எல்லை வகுத்தது. கள்ள விற்பனையைத் தடுக்க வந்த இவ்விதி, நண்பனுக்கு மனமுவந்து அளிக்கும் கொடையையும் சேர்த்தே தடுத்தது. எதிர்ப்பு ஓயாமையால் 2011 பெப்ரவரியில் அது நீக்கப்பட்டது. 2013 இல் அதே நிறுவனம் பாண்ட் என்னும் பெயரில் தானே இவ்வணிகத்தை ஏற்றுக்கொண்டது.

செயற்படும் விதம்

நிறுவனம் ஆட்டப்பணத்தை விற்பதில் இரு முறைகள் உள்ளன. இவற்றைப் பிரித்தறியாமையே விவாதத்தின் பெருங்குழப்பம் எனலாம். முதல் முறையில், காசு செலுத்தியதும் நிறுவனம் புதிய ஆட்டப்பணத்தை உண்டாக்கித் தருகிறது. கைபேசி ஆட்டங்கள் பலவற்றில் இதுவே வழக்கம். இங்கு வாங்கியவரின் செல்வத்துக்குப் பின்னால் எவருடைய உழைப்பும் இல்லை.

இரண்டாவது முறைக்கு ஐசுலாந்தின் சிசிபி நிறுவனம் 2003 இல் வெளியிட்ட ஈவ் ஆன்லைன் சிறந்த எடுத்துக்காட்டு. விண்வெளிக் கப்பல்களைச் செலுத்தும் இவ்வாட்டத்தின் பணம் இஸ்க் எனப்படும். ஐசுலாந்து நாணயத்தின் குறியீடும் இதுவே. 2008 நவம்பரில் பிளெக்ஸ் என்னும் பொருள் அறிமுகமானது. அன்று ஒரு பிளெக்ஸ் முப்பது நாள் சந்தாவுக்கு ஈடாக இருந்தது. (2017 இல் ஒரு பழைய பிளெக்ஸ் 500 சிறு அலகுகளாகப் பிரிக்கப்பட்டது.) வேலைக்குச் செல்லும் ஒருவர் டாலர் கொடுத்து பிளெக்ஸ் வாங்கி, ஆட்டத்துள் உள்ள சந்தையில் இஸ்குக்கு விற்கிறார். நேரம் உள்ள, ஆனால் கையில் காசில்லாத மாணவர் ஒருவர், தாம் ஈட்டிய இஸ்கைக் கொடுத்து அதை வாங்கிச் சந்தாவைச் செலுத்துகிறார். டாலர் நிறுவனத்துக்குச் சேர்கிறது. இஸ்க் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறுகிறதேயன்றி, புதிதாக ஒரு காசும் பிறப்பதில்லை.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்தில் 2015 ஏப்ரலில் வந்த டோக்கனும் இத்தகையதே. அமெரிக்காவில் அதன் விலை 20 டாலர். விற்பவருக்குத் தொடக்கத்தில் 30,000 தங்கம் கிடைத்தது. அதன்பின் தங்க விலை சந்தைக்கேற்ப மாறியது. வாங்கிய டோக்கனை மறுபடியும் விற்க இயலாது. எனவே பிளெக்ஸைப் போல இதைப் பதுக்கி வைத்து ஊக வணிகம் செய்ய வழியில்லை.

வெற்றியை வாங்க முடியுமா?

ஈவ் ஆட்டத்தில் பணம் கப்பலை வாங்கித் தரும். கப்பலைக் காத்துத் தராது. அழிந்த கப்பல் திரும்பி வருவதில்லை. 2010 ஆகத்தில், 74 பிளெக்ஸ்களைச் சிறு கப்பல் ஒன்றில் ஏற்றிச் சென்ற ஆட்டக்காரர் கொள்ளையரிடம் சிக்கினார். ஆயிரம் டாலருக்கும் மேல் மதிப்புள்ள சரக்கு நொடியில் அழிந்தது. 2014 சனவரியில் பி-ஆர்5ஆர்பி என்னும் விண்மீன் மண்டலத்தில் நிகழ்ந்த போரில் 75 டைட்டன் கப்பல்கள் அழிந்தன. இழப்பு மூன்று இலட்சம் டாலர் எனச் செய்திகள் கூறின. ஆனால் அது இஸ்கை பிளெக்ஸ் விலையைக் கொண்டு டாலராக மாற்றி வந்த தொகை; எவரும் அவ்வளவு டாலரைக் கொட்டி அக்கப்பல்களை வாங்கவில்லை. அவை ஆயிரக்கணக்கானோர் கூடி உழைத்துக் கட்டியவை. தனியொரு செல்வர் தம் பணத்தால் அப்போரை வென்றிருக்க முடியாது.

எனினும் ஈவ் ஆட்டக்காரர் தங்களுக்கென ஓர் எல்லைக்கோடு வைத்திருந்தனர். 2011 சூனில் ஒற்றைக்கண் கண்ணாடி போன்ற அணிகலன்கள் மிகுந்த விலையில் விற்பனைக்கு வந்தன. அதே வேளையில், ஆட்டப்போக்கைப் பாதிக்கும் பொருட்களையும் விற்பது பற்றி விவாதித்த நிறுவனத்தின் உள்சுற்று இதழ் ஒன்று வெளியே கசிந்தது. ஆட்டக்காரர்கள் சீத்தா என்னும் வணிக மையத்தில் திரண்டு அங்கிருந்த சிலையைச் சுட்டுக் கிளர்ச்சி செய்தனர். பலர் சந்தாவை நிறுத்தினர். நிறுவனம் ஆட்டக்காரரால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தை ரெய்க்யவிக்குக்கு அழைத்துப் பேச நேர்ந்தது. மூன்றாண்டுகளாக இஸ்க் வாங்குவதைப் பொறுத்தவர்கள் இதற்கு ஏன் சினந்தனர் என்ற கேள்வி எழலாம். இஸ்க் இன்னொரு ஆட்டக்காரர் ஈட்டியது. கடையில் விற்கவிருந்ததோ எவரும் ஈட்டாதது.

2016 பெப்ரவரியில் அக்கோடு சற்று நகர்ந்தது. ஈவ் ஆட்டத்தில் திறன்கள் நாட்காட்டிப்படியே வளர்வன. எவ்வளவு ஆடினாலும் வேகம் கூடாது. ஆனால் அவ்வாண்டு முதல், ஒரு பாத்திரத்தின் திறன் புள்ளிகளைப் பிரித்தெடுத்து மற்றவருக்கு விற்க வழி செய்யப்பட்டது. 50 இலட்சம் புள்ளிகளுக்குக் குறைவாக உள்ளவருக்கு 5,00,000 புள்ளிகள் தரும் ஊசி, 8 கோடிக்கு மேல் உள்ளவருக்கு 1,50,000 மட்டுமே தருகிறது. புள்ளிகள் வேறொருவர் காத்திருந்து பெற்றவை என்பதால் பழைய நெறி பிறழவில்லை எனலாம். ஆயினும் காசால் காலத்தைக் கடக்க முடியாது என்று இதுவரை கூறிவந்தவர்கள் அதன்பின் அவ்வாறு கூற இயலவில்லை.

வார்கிராஃப்ட்டில் நிலைமை வேறு. அங்கு சிறந்த ஆயுதங்கள் பெரும்பாலும் குழுவாகச் சென்று பூதங்களை வீழ்த்தியே கிடைக்கும் என்பதால், தங்கம் நேரடியாக வலிமை தராது என்று வாதிடுவர். ஆனால் தேர்ந்த குழுக்கள் தங்கம் பெற்றுக்கொண்டு பிறரைத் தூக்கிச் செல்லும் வணிகம் செழித்தது. 20 டாலரில் தொடங்கும் பாதை டோக்கன், தங்கம், கூலிக்குழு எனச் சுற்றி இறுதியில் ஆயுதத்தையே அடைகிறது. நிறுவனம் 2022 சனவரியில் இவ்வணிகத்தைப் பெரிய அளவில் நடத்தும் கூட்டமைப்புகளைத் தடை செய்தது. தங்கத்துக்கு உதவி விற்கும் தனிக்குழுக்களை விட்டுவைத்தது. தன் டோக்கனுக்கு உள்ள தேவையில் ஒரு பகுதி அங்கிருந்தே வருகிறது என்பதை அது அறியாதிருக்க வாய்ப்பில்லை.

2019 இல் வெளியான கிளாசிக் பதிப்பில் தொடக்கத்தில் டோக்கன் இல்லை. ஆயினும் கொள்ளைப் பொருட்களைத் தங்கத்துக்கு ஏலம் விடும் குழுக்கள் பெருகின. கள்ளச்சந்தைத் தங்கம் அங்கு தாராளமாகப் புகுந்தது. 2023 மே மாதம் கிளாசிக்கிலும் டோக்கன் வந்தது. 2024 பெப்ரவரியில் அதன் பருவப் பதிப்பு ஒன்றில் இவ்வேலக் குழுக்களே தடை செய்யப்பட்டன.

மூன்றாம் ஆட்டக்காரர்

டோக்கன் முறையால் நேரம் உள்ளவரும் காசு உள்ளவரும் பயனடைகின்றனர் என்பது பொதுவான வாதம். அது உண்மையே, ஆனால் அவ்விருவர் மட்டும் ஆட்டத்தில் இல்லை. நாளுக்கு ஒரு மணிநேரம் ஆடி, சந்தாவுக்கு மேல் செலவிட இயலாத ஒருவரும் இருக்கிறார். மற்ற இருவரும் ஏலக்கூடத்தில் விலையை ஏற்றும்போது அவருடைய ஒரு மணிநேரம் முன்பைவிடக் குறைவாகவே வாங்குகிறது. மொத்தப் பணம் கூடவில்லை என்பது அவருக்கு ஆறுதல் தராது. முடங்கிக் கிடந்த பணம் சந்தைக்கு வந்துவிட்டது. தங்கம் டாலராக மதிப்புப் பெற்றதும், முன்பு பொழுதுபோக்காகச் செடி பறித்தவர்களும் கணக்குப் பார்த்துப் பறிக்கத் தொடங்குகின்றனர். தானியங்கி நிரல்களும் அதே செடிக்குப் போட்டியிடுகின்றன.

டயாப்லோ 3 இதன் கடைக்கோடி. 2012 சூனில் அதில் உண்மைப் பணத்துக்கே ஆயுதங்களை விற்கும் ஏலக்கூடம் திறக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் பூதங்களைக் கொன்று தேடுவதைவிட ஏலக்கூடத்தில் தேடுவது எளிதென்று கண்டனர். ஒவ்வொரு விற்பனையிலும் கட்டணம் பெற்றுவந்த பிலிசார்டு நிறுவனமே, அது ஆட்டத்தின் அடிப்படை இன்பத்தைக் குலைத்தது என ஒப்புக்கொண்டு, 2014 மார்ச் 18 அன்று தங்க ஏலக்கூடத்தையும் சேர்த்து மூடியது.