பல்லாவரம் சந்தைக்கு வந்த ஐந்து கண்

ஜோர்கி-4 கேமராவின் ஜன்னலில் கண்ணை வைத்தால் 50 மி.மீ. லென்ஸ் பார்க்கிற பரப்பு மட்டும்தான் தெரியும். அந்த லென்ஸைக் கழற்றிவிட்டு 35 மி.மீ. ஜுப்பிட்டர்-12ஐ மாட்டினாலும் ஜன்னல் மாறாது. ஃபிலிமில் பக்கவாட்டில் சுமார் 54 டிகிரி விழும். ஜன்னல் காட்டுவதோ 40 டிகிரி. மிச்சமுள்ள இடத்தில் யார் நிற்கிறார்கள், எந்த மின்கம்பம் தலையை நீட்டுகிறது என்பதெல்லாம் ஃபிலிமைக் கழுவிய பிறகே தெரியவரும். பம்மல், நாகல்கேணி, அனகாபுத்தூர் சந்துகளில் பின்னால் நகர்ந்து நின்று படமெடுக்க இடம் கிடையாது. இரண்டடி நகர்ந்தால் முதுகில் சுவர். அங்கே அகலக்கோண லென்ஸ் இல்லாமல் ஒரு வீட்டு வாசலை முழுசாக எடுக்க முடியாது. ஆக, கேமராவின் தலையில் தனியாக ஒரு வியூஃபைண்டர் உட்கார வேண்டும்.

எஸ்.எல்.ஆர். கேமராக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் லென்ஸ் வழியாகவே பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கேமராவுக்குள் கண்ணாடி எழுந்து விழ இடம் விட வேண்டியிருப்பதால், அகலக்கோண லென்ஸை ஃபிலிமுக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது. 1950இல் பிரான்சின் ஆஞ்ஜெனியூ நிறுவனம் ‘ரெட்ரோஃபோகஸ்’ அமைப்பைக் கொண்டுவந்துதான் அதைச் சமாளித்தது. ஜோர்கி போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் அந்தக் கண்ணாடியே இல்லை. ஜுப்பிட்டர்-12ஐக் கழற்றிப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்: கடைசி லென்ஸ் குமிழாகத் துருத்திக்கொண்டிருக்கும். மாட்டினால் ஷட்டர் திரைக்குக் கிட்டத்தில் போய் உட்காரும். சுவரும் கதவும் ஓரம்வரை வளையாமல் நேராக விழுகிற அழகுக்கு அந்த நெருக்கம்தான் இடம் கொடுக்கிறது. அதற்குக் கொடுக்கிற விலை, தலைக்கு மேல் ஒரு தனி ஜன்னல்.

அந்த ஜன்னலின் விலைதான் கண்ணைக் கட்டுகிறது. லைக்கா எம்3 1954இல் வந்தபோது 50, 90, 135 ஆகியவற்றுக்கே உள்ளே கோடு காட்டியது. 28க்கான கோடு லைக்காவுக்குள் நுழைந்தது 1980களின் தொடக்கத்தில், எம்4-பி வந்தபோதுதான். அதுவரை 28ஓ 21ஓ வைத்திருந்தவர்கள் தனி வியூஃபைண்டரும் வாங்கியாக வேண்டியிருந்தது. அன்று வேலைக்காக வாங்கிய அந்தச் சின்னச் சாமான்கள் இன்று சேகரிப்பாளர்களின் அலமாரியில் இருக்கின்றன. 1999இல் ஜப்பானின் கொசினா, ஃபோக்ட்லாண்டர் என்ற பழைய ஜெர்மன் பெயரில் பெஸ்ஸா-எல் என்று வியூஃபைண்டரே இல்லாத ஒரு கேமராவை விட்டது. அதற்கான 15 மி.மீ. லென்ஸோடு பிளாஸ்டிக் வியூஃபைண்டரையும் சேர்த்தே கொடுத்தது. நல்ல காரியம் அது. பிறகு வந்த உலோக வியூஃபைண்டர் ஒன்றின் விலைக்கு இரண்டு ஜோர்கி வாங்கிவிடலாம். படம் எங்கே முடிகிறது என்று சொல்வதைத் தவிர வேறு வேலையே செய்யாத பொருளுக்கு இவ்வளவு விலை நியாயமில்லை என்றே நினைக்கிறேன். அகலக்கோண லென்ஸ் மலிவாகக் கிடைத்தும் பலர் அதைத் தொடாமல் விடுவதற்கு இதுதான் காரணம்.

எனக்குக் கிடைத்த வியூஃபைண்டரின் பூர்வீகம் ஜெர்மனி. 1932இல் டிரெஸ்டனில் ஸைஸ் ஐகான் நிறுவனம் லைக்காவுக்குப் போட்டியாகக் கான்டாக்ஸ் கேமராவைக் கொண்டுவந்தது. அதற்கு ஒன்றன்பின் ஒன்றாக லென்ஸ்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வியூஃபைண்டர் சுமக்க வேண்டாம் என்று, ஐந்து குட்டி லென்ஸ்களை ஒரு வட்டில் பதித்து, திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஒரே வியூஃபைண்டராகச் செய்தார்கள். போர் முடிந்ததும் கான்டாக்ஸின் இயந்திரங்களும் வரைபடங்களும் இழப்பீடாகக் கிழக்கே போயின. கீயெவ் நகரின் ஆர்செனல் ஆலையில் அதே கேமரா 1947 முதல் ‘கீயெவ்’ என்ற பெயரில் பிறந்தது. பெர்டெலே வடிவமைத்த பயகான் லென்ஸ், ஜுப்பிட்டர்-12 ஆனது. ஐந்து கண் வியூஃபைண்டரை மாஸ்கோவை ஒட்டிய க்ராஸ்னகோர்ஸ்க் ஆலை எடுத்துக்கொண்டது. ஜோர்கி கேமராக்களைச் செய்ததும் அதே ஆலைதான். 1956 முதல் 1973 வரை ஜோர்கி-4 மட்டும் 17 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள்.

அங்கிருந்து அது பல்லாவரத்துக்கு வந்தது.

பம்மல்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால் சந்தை. பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டில் காலையிலேயே தார்ப்பாய் விரித்துவிடுவார்கள். செடி, புறா, வண்ண மீன், பழைய மிக்ஸி, மூடி இல்லாத குக்கர், குக்கர் இல்லாத மூடி, ஸ்பானர், சைக்கிள் செயின், புடவை, கட்டில், கம்ப்யூட்டர் மானிட்டர். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்ததும் இதே பல்லாவரத்தில்தான். பழம்பொருளைக் குனிந்து தேடுகிறவர்களுக்கு இந்த மண் கொடுத்துவைத்தது. கேமரா சாமான்கள் தனிக் கடையாக இருக்காது. செல்போன் சார்ஜர் குவியலுக்கு அடியிலும் பித்தளை விளக்குக்குப் பக்கத்திலும் கிடக்கும். அங்கேதான் அது கிடந்தது, கயிறு அறுந்த ஒரு ஃப்ளாஷோடு.

“இன்னா சார் பாக்குற? ஒத்தக்கண்ணு பைனாகுலர் சார் அது. ரஷ்யா மேக்கு.”

எங்கே கிடைத்தது என்று கேட்டேன். குரோம்பேட்டையில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது எடுத்த சாமானாம். அந்த வீட்டுப் பெரியவர் நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். நெய்வேலி என்றதும் வழி விளங்கிவிட்டது. அங்கே முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டப்பட்டது; 1962இல் அதன் முதல் அலகு ஓடத் தொடங்கியது. ரஷ்யப் பொறியாளர்கள் குடும்பத்தோடு தங்கி வேலை செய்த ஊர். அவர்கள் கொண்டுவந்த கேமராக்கள் ஊர் திரும்பும்போது நண்பர்களின் கைக்கு மாறுவது இயல்பு. அறுநூறு சொன்னார், ஃப்ளாஷையும் சேர்த்து நானூறுக்குப் படிந்தது. “லென்ஸெல்லாம் சுத்துது பாரு தம்பி, கெட்டிச் சாமான்” என்று சொல்லித்தான் கொடுத்தார். சுற்றத்தான் செய்தது.

உள்ளங்கைக்குள் அடங்குகிற பொருள். கறுப்புச் சாயம் ஓரங்களில் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்க்கிறது. உடம்பில் ஒரு பட்டகமும் அதற்குள் ஒடிந்து செல்லும் ஒளிக்கதிரும் பொறித்திருக்கிறது; அது க்ராஸ்னகோர்ஸ்க் ஆலையின் முத்திரை. வட்டைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று பிடிக்கும். எண்கள் சென்டிமீட்டரில்: 2.8, 3.5, 5, 8.5, 13.5. மிகச் சின்னக் கண் 28க்கு, பெருத்த கண் 135க்கு. எந்தக் கண்ணைத் திருப்பினாலும் தெரிகிற சட்டத்தின் அளவு ஒன்றே. உள்ளே இருக்கிற உலகம்தான் சிறுத்தும் பெருத்தும் வரும். காலடியில் ஒரு நெம்புகோல். கிட்டத்தில் இருப்பதை எடுக்கும்போது அதைத் தள்ளினால் வியூஃபைண்டர் மூக்கைக் கொஞ்சம் கீழே சாய்க்கும்.

அந்தச் சாய்வு வீண் அலங்காரமில்லை. வியூஃபைண்டர் லென்ஸுக்கு ஆறு சென்டிமீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிறது. 35 மி.மீ. லென்ஸ் ஒரு மீட்டர் தூரத்தில் பார்க்கிற உயரம் சுமார் 69 செ.மீ. அதில் ஆறு செ.மீ. பிசகினால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, நெற்றி போய்விடும். பத்து மீட்டர் தள்ளி நிற்கிற ஆளுக்கு அதே ஆறு செ.மீ. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தெருவில் நின்று எடுக்கிறவருக்கு இந்தக் கவலை வேண்டாம். டீக்கடைப் பெஞ்சில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தை எடுக்கிறவருக்கு வேண்டும்.

சென்னைப் புழுக்கத்தில் எந்தக் கண்ணாடியும் பூஞ்சைக்குத் தப்பாது. இதன் பட்டகத்திலும் வெள்ளை நூலாகப் படர்ந்திருந்தது. கேமரா பழுது பார்க்கிற ஒரு பெரியவர் மூன்று திருகுகளைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, “உள்ள ஒட்டு விடல, பிழைச்சுது” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு நாகல்கேணியில் ஒரு தோல் துண்டு வாங்கி அதற்குப் பை தைத்தாயிற்று. தோல் பதனிடுகிற ஊரில் இருந்துகொண்டு ரெக்ஸின் பையில் போட மனம் வரவில்லை.

இதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் விஸ்காம் படிக்கிற தம்பி ஒருவன் வந்து நின்றான். அவனிடம் ஒரு ஃபெட்-2 இருக்கிறது, ஜுப்பிட்டர்-12ம் இருக்கிறது. “அண்ணா, இது மாதிரி ஒண்ணு எங்கண்ணா கிடைக்கும்?” சந்தை தினமும் இப்படிக் கொடுக்காது. நாமே ஒன்று செய்துவிடலாம் என்று அவனுக்காகத்தான் கணக்குப் போட உட்கார்ந்தோம்.

எளிய வியூஃபைண்டர் என்பது கலிலியோவின் தொலைநோக்கியைத் திருப்பிப் பிடிப்பதுதான்: முன்னால் குழிலென்ஸ், பின்னால் குவிலென்ஸ். பரோடாவில் செய்து நம் வீடுகளுக்கெல்லாம் வந்த ஆக்ஃபா கிளிக் த்ரீயின் ஜன்னல்கூட அந்த வகைதான். இந்த இரண்டு லென்ஸும் ஒவ்வொரு மூக்குக்கண்ணாடிக் கடையிலும் ட்ரயல் பெட்டியில் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. பம்மல் மெயின் ரோட்டில் ஒரு கடைக்குப் போய் மைனஸ் 20ம் பிளஸ் 10ம் கேட்டோம். கடையில் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “இந்தப் பவர் யாருக்கு சார்? குழந்தைக்கா?” என்றார் கவலையோடு. கேமராவுக்கு என்றதும் முகம் மலர்ந்து, பெட்டியையே முன்னால் தள்ளிவிட்டார்.

மைனஸ் 20இன் குவியதூரம் 5 செ.மீ.; பிளஸ் 10இன் குவியதூரம் 10 செ.மீ. வித்தியாசம் 5 செ.மீ. அந்த இடைவெளியில் இரண்டையும் பிடித்தால், எதிர்ச் சாரியில் இருந்த மருந்துக்கடை பாதி அளவுக்குச் சுருங்கி, தெளிவாக, நேராக வந்து நின்றது. தம்பி கையை ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாவும் வாங்கிப் பார்த்துவிட்டு, “சின்னதா, அழகா இருக்குப்பா” என்றார். லென்ஸ்களை 38 மி.மீ. வட்டமாக அரைத்துத் தரச் சொல்லி அவரிடமே ஆர்டர் கொடுத்தோம்.

அடுத்தது முகப்பு. முன் லென்ஸின் மேல் ஒட்டுகிற கறுப்புத் தகட்டில் எவ்வளவு பெரிய செவ்வகம் வெட்டுகிறோமோ அதுதான் படத்தின் எல்லை. கண் ஐபீஸை அப்படியே ஒட்டியிருந்தால் 35 மி.மீ.க்கு 26 × 17 மி.மீ. போதும். ஆனால் மனிதக் கண்ணுக்கு இமை இருக்கிறது. ஒரு சென்டிமீட்டராவது தள்ளித்தான் நிற்கும். அதற்கு 28 × 19 வேண்டும். கணக்கு இதுவரை கொண்டுவரும். மிச்சத்தைக் கேமராவே சொல்லட்டும் என்று அதன் முதுகுத் தகட்டைக் கழற்றி, ஃபிலிம் ஓடுகிற இடத்தில் பட்டர் பேப்பரை ஒட்டி, ஷட்டரைத் திறந்தபடி பூட்டிவைத்தோம். எதிர்வீட்டு மொட்டை மாடி பட்டர் பேப்பரில் தலைகீழாக விழுந்தது: இடது ஓரத்தில் தண்ணீர்த் தொட்டியின் கைப்பிடி, வலது ஓரத்தில் டிஷ் ஆன்டெனாவின் பாதி. வியூஃபைண்டரிலும் அதே கைப்பிடியும் அதே பாதி ஆன்டெனாவும் வரும்வரை தகட்டை அரத்தால் தேய்த்தான் அவன்.

உடம்புக்கு ஒரு பிவிசி பைப் துண்டு, உள்ளே கறுப்புப் பூச்சு, மேலே நாகல்கேணித் தோல். கேமராவின் ஷூவில் செருகுகிற கால்தான் கடைசியாக மிஞ்சியது. அதைச் சந்தையில் இலவச இணைப்பாக வந்த அந்தச் செத்த ஃப்ளாஷிலிருந்து அறுத்து எடுத்தோம். டிரெஸ்டனானாலும் க்ராஸ்னகோர்ஸ்க்கானாலும் பம்மலானாலும் ஷூவின் அகலம் ஒன்றே; பின்னாளில் அந்த அளவை ஐ.எஸ்.ஓ. 518 என்று தரப்படுத்தியும் விட்டார்கள். மொத்தச் செலவு இரண்டு ரோல் கலர் ஃபிலிம் விலைக்குள் அடங்கியது. ஐந்து கண் வியூஃபைண்டரைவிட இது வெளிச்சமாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ரஷ்யச் சாமானில் பட்டகமும் லென்ஸுமாகப் பல கண்ணாடிகளைத் தாண்டி வரும் ஒளி மங்கிவிடுகிறது, ஐபீஸும் ஊசிமுனை. மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு அது கஷ்டம். இதில் மூலைகள் கொஞ்சம் வளைகின்றன, அவ்வளவுதான்.

இப்போது அவனுக்கு 28 மி.மீ. ஓரியன்-15 மேல் ஆசை வந்திருக்கிறது. எஃப்/6 தான், வெளிச்சம் குறைவு. ஆனால் அனகாபுத்தூர் தறி வீடுகளில் நெசவாளரையும் தறியையும் ஒரே சட்டத்தில் அடக்க அது வேண்டும் என்கிறான். அவன் சொல்வது சரி. பழைய கணக்கையே நீட்டினால் முகப்பு 35 × 24 ஆகிவிடும். அதன் மூலைவிட்டம் 42 மி.மீ., 38 மி.மீ. லென்ஸில் மூலைகள் வெட்டுப்படும். குழாயைக் குட்டையாக்கினால் வழி பிறக்கிறது. பின்னால் பிளஸ் 10க்குப் பதில் பிளஸ் 12 வைத்தால் இடைவெளி 33 மி.மீ.யாகக் குறையும், முகப்பு 30 × 20 போதும், மூலைவிட்டம் 36. பிளஸ் 12 லென்ஸுக்குக் கண்ணாடிக் கடை அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. அது வரும்வரை ஐந்து கண் அவனிடம் இருக்கிறது, வட்டு 2.8இல்.