புகைக்கூட்டுக்கு மூடியும் பொறிவலையும்: விறகடுப்பு வீடுகள் கவனிக்க வேண்டியவை

2022இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்த பல குடும்பங்கள் விறகடுப்புக்குத் திரும்பின. எங்கள் கிராமங்களில் அது அதற்கு முன்பும் அணைந்திருக்கவில்லை. மீள்குடியேற்றத்துக்குப் பின் கட்டிய கல்வீடுகளில் புகைக்கூடு உண்டு. ஆனால் வன்னியில் நான் பார்த்தவற்றில் பல, உச்சியில் மூடியோ வலையோ இல்லாமல் திறந்தே நிற்கின்றன. பக்கத்திலேயே கிடுகுக் கொட்டிலும் வைக்கோற்போரும் இருக்கும்.

காய்ந்த ஓலை, பன்னாடை, பாளை போன்றவை எரியும்போது பாரமற்ற கங்குகள் புகையோடு மேலே ஏறும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கூரைகளும் காய்ந்திருக்கும். அப்போது ஒரு பொறியே போதும்.

மூடி எதற்கு?

மூடி மழைநீரைத் தடுக்கிறது. புகைக்கரியோடு சேரும் நீர் அமிலத்தன்மை பெற்று, கல்லிடுக்கிலுள்ள சீமெந்தை அரிக்கும். காற்று மேலிருந்து அழுத்திப் புகையைக் குசினிக்குள் திருப்புவதையும் மூடி குறைக்கும். சுற்றிவர வலையும் இருந்தால் பறவையும் அணிலும் உள்ளே கூடு கட்டா.

வலை எப்படி இருக்க வேண்டும்?

காட்டுத்தீ அதிகமான அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலக் கட்டட விதிகள் இதற்குத் தெளிவான அளவு தருகின்றன. வலைக்கண் அரை அங்குலத்தை விடப் பெரிதாகவோ, எட்டில் மூன்று அங்குலத்தை விடச் சிறிதாகவோ இருக்கக்கூடாது. பெரிதானால் பொறி தப்பும், சிறிதானால் கரி அடைக்கும். நுளம்பு வலை அடிக்கவே கூடாது.

வலையின் திறந்த பரப்பு, புகைவாயின் பரப்பைப் போல நான்கு மடங்காவது வேண்டும் என்பதும் அந்த விதி. அதனால் வாயின் மேல் வலையைத் தட்டையாக விரித்தால் போதாது, கூடு போல நிறுத்த வேண்டும். 6 அங்குலச் சதுர வாய்க்கு, 9 அங்குலச் சதுரமும் 8 அங்குல உயரமும் கொண்ட வலைக்கூடும் அதன்மேல் தகர மூடியும் போதும். ஒட்டு வேலை செய்பவர் இதைச் செய்து தருவார். நாகம் பூசிய கம்பி கடற்கரைக் கிராமங்களில் விரைவில் துருப்பிடிக்கும். இயன்றால் துருப்பிடிக்காத உருக்கு வலையைக் கேளுங்கள். கழற்றிப் பூட்டக்கூடியதாகவும் இருக்கட்டும்.

உயரம்

புகைக்கூடு கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும். சுற்றி 10 அடிக்குள் உள்ள எந்தக் கூரைப் பகுதியையும் விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். கிடுகுக் கூரை அருகில் இருந்தால், இதை ஆகக் குறைந்த அளவாக மட்டும் கொள்ளுங்கள்.

துப்புரவு

பூட்டியதோடு வேலை முடியாது. ஈர விறகு எரித்தால் கீல் போன்ற கரி உள்ளே படியும். அதுவே பின்னர் தீப்பிடிக்கும். வலை அடைபட்டால் புகையோடு காபனோரொட்சைட்டும் வீட்டுக்குள் திரும்பும். அதற்கு மணமில்லை, உயிரையே எடுக்கும். அடுப்பு நாளாந்தம் எரியும் வீட்டில் மாதமொருமுறை வலையைப் பாருங்கள். மாரிக்கு முன் விறகை மழைபடாத இடத்தில் அடுக்குங்கள்.

புகைக்கூட்டுக்குள் தீப்பிடித்தால் அதற்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடேறிய கல் வெடிக்கும். பிள்ளைகளையும் முதியோரையும் முதலில் வெளியேற்றுங்கள். இயன்றால் அடுப்பு நெருப்பை மணலால் மூடிவிட்டு நீங்களும் வெளியேறி, அயலைக் கூப்பிடுங்கள். 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது தீயணைப்பு வண்டி வெளியிலிருந்தே வரவேண்டியிருந்ததை நாம் மறக்கவில்லை. உங்கள் பகுதித் தீயணைப்பு இலக்கத்தைக் குசினிச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், காணாமல் ஆக்கப்பட்டவரின் ஒரேயொரு படம் போன்றவற்றை இடம்பெயர்வுகளினூடே காத்து வந்த வீடுகள் இவை. அவற்றைக் குசினிக்கு எட்டத்தில், தகரப் பெட்டியில் வையுங்கள். புதிதாக வீடு கட்டுவோர் மேசனிடம் மூடியையும் வலையையும் தொடக்கத்திலேயே கேளுங்கள்.